ஸ்வர்ணாவுக்குத் தைத்த கச்சு

இடுப்பில் டேப்பைச் சுற்றியதும் பெண்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கல்லூரிப் பெண்ணும் இழுப்பாள், பேரன் எடுத்தவளும் இழுப்பாள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஏதாவது பேச்சுக் கொடுப்பேன். பதில் சொல்ல வாயைத் திறந்தால் மூச்சை விட்டுத்தானே ஆக வேண்டும்? அப்போது அளவைக் குறித்துக்கொள்வேன். இருபத்திரண்டு வருடமாகச் செல்லூரில் ஜாக்கெட் தைக்கிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். உடம்பைப் பிடிக்கிறது என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஏனென்றால் புகாரில் 'இறுக்கமான உடுப்பு' என்று போட்டிருக்கிறது. அது சரியில்லை. இறுக்கம் வேறு, பொருத்தம் வேறு.

என் பெயர் வசுந்தரா. வயது நாற்பத்து மூன்று. ஸ்வர்ணா என் தங்கை. எனக்கும் அவளுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அவளுக்கு மூன்று வயதில் அம்மா போனாள். பன்னிரண்டு வயதில் அப்பா போனார். தறிக்காரர், நெஞ்சு சளி. அதன் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அவள் பேசியதையும் நான் பேசியதையும் உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். அர்த்தத்தில் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அப்பா இறந்த அடுத்த வருடம் பரமக்குடியிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. நல்ல இடம். தங்கச்சியை ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதைத் தியாகம் என்று வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. ஸ்வர்ணாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன், அதுவும் தேவைப்பட்ட சமயங்களில்தான். மார்க் குறைந்தபோது. தோழிகளோடு கொடைக்கானல் போக வேண்டும் என்று கேட்டபோது. கோவையிலிருந்து கடிதம் வந்தபோது.

கச்சைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் மேஜையில் இருப்பது ஒன்பதாவது. முதலாவதை நான் ஸ்வர்ணாவுக்குத் தைக்கவில்லை.

தொண்ணூற்று ஐந்தில் ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து மீனலோசனி என்ற ஆங்கிலப் பேராசிரியை வந்தார். ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போடுகிறார்களாம். நூற்று அறுபது வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்து பள்ளிக்கூடம் நடத்திய வெள்ளைக்காரச் சீமாட்டியின் கதை. மேல் கவுன் சினிமாக் கம்பெனியிலிருந்து வாடகைக்கு வருகிறது, ஆனால் உள்ளே கார்செட் என்கிற கச்சு இல்லாமல் அது நிற்காது என்றார். ஒரு தடிப் புத்தகத்தை விரித்து வைத்தார். அதில் படமும் இருந்தது, வெட்டும் அளவும் இருந்தது.

அந்தக் காலத்துக் கார்செட்டில் கம்பி கிடையாது, மேடம். கயிறுதான். இரண்டு மடிப்புக் காடாத் துணி. அதில் நெருக்க நெருக்கமாகத் தையல் ஓட்டி, ஒவ்வொரு சந்துக்குள்ளும் பருத்திக் கயிற்றைக் கோர்த்து இழுக்க வேண்டும். ஜாக்கெட்டுக்குப் பைப்பிங் வைக்கிறோமே, அந்த வேலைதான், ஆனால் நாற்பது வரிசை. துணி பலகை மாதிரி நின்றுவிடும். முன்னால் நெஞ்சிலிருந்து வயிறு வரை ஒரு மரப்பட்டை செருக வேண்டும். நான் பள்ளிக்கூடத்து மர ஸ்கேலை வைத்தேன். பின்னால் முதுகு நெடுகக் கண்கள். உலோக வளையம் போடாமல் எல்லாமே கையால் காஜா எடுத்தேன். அந்தக் கண்கள் வழியாக நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோர்த்து இழுத்துக் கட்ட வேண்டும். போட்டிருப்பவளால் அதைக் கட்டவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது. இன்னொருத்தி வேண்டும்.

தைத்து முடிக்கப் பதினெட்டு நாள் ஆனது. ஒத்திகையில் சீமாட்டியாக நடித்த பெண்ணுக்கு நானே கட்டிவிட்டேன். அவள் கையிலிருந்து கைக்குட்டை கீழே விழுந்தது. குனிய முடியவில்லை. பக்கத்திலிருந்த பெண் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது பாருங்கள், எனக்கு அது பிடித்திருந்தது.

"வசுந்தரா, இதைச் சின்ன வயசுல இருந்தே போட்டவங்களுக்கு முதுகு தன் வேலையவே மறந்துடுமாம்," என்று மீனலோசனி மேடம் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். "கழட்டினா அவங்களால நேரா உக்காரக்கூட முடியாதாம். பாவம்ல?"

பாவம்தான் என்றேன். கச்சைக் கல்லூரியிலேயே வைத்துக்கொண்டார்கள். காகிதத்தில் வெட்டிய அளவு மட்டும் என்னிடம் இருந்தது. எனக்கு எதையும் தூக்கிப் போடும் பழக்கம் இல்லை.

தொண்ணூற்று ஏழில் ஸ்வர்ணா பி.எஸ்சி. முடித்தாள். கோவையில் ஒரு நூற்பாலையின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. எவ்வளவு இழுத்தால் நூல் அறும் என்று பார்க்கிற வேலை. புரட்டாசி முதல் தேதி சேர வேண்டும். ஆடி மாதம் ஒரு தோழியிடம் சொல்லிக்கொள்ள அவனியாபுரம் போனாள். திரும்பும்போது அவள் வந்த ஷேர் ஆட்டோ வளைவில் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. ஸ்வர்ணாவுக்கு முதுகெலும்பில் ஒரு சின்ன விரிசல். இதில் எனக்குச் சம்பந்தம் இல்லை. விபத்தை நான் செய்யவில்லை, மேடம். நான் அதைப் பயன்படுத்திக்கொள்ளவும் இல்லை. அதோடு வந்த கடமையைச் செய்தேன்.

டாக்டர் ஆறு வாரம் பெல்ட் போடச் சொன்னார். கடையில் வாங்கிய பெல்ட் அவள் தோலை அரித்தது. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது: அது முன்பக்கம் ஒட்டுகிற மாதிரி. தோன்றியபோதெல்லாம் அவளே பிய்த்துப் போட்டுவிடுவாள். பீரோவிலிருந்து அந்தக் காகித அளவை எடுத்தேன்.

அந்த ஆறு வாரத்தைப் பற்றி எழுதிக்கொள்ள உங்களுக்கு ஒன்றும் இருக்காது. காலையில் கட்டிவிடுவேன். தலை வாரிவிடுவேன். கீழே விழுந்ததை எடுத்துக் கொடுப்பேன். அவள் "அக்கா" என்று கூப்பிடுவாள், நான் "என்ன" என்று கேட்பேன். காலேஜில் சேர்ந்த பிறகு அவள் என்னைக் கூப்பிடுவதே குறைந்துபோயிருந்தது. அந்த வாரங்களில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கூப்பிட்டாள் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தேழு.

ஏழாவது வாரம் டாக்டரிடம் போனோம். கிளினிக் மாடியில் இருந்தது. படி ஏற வேண்டாம் என்று அவளைக் கீழே மருந்துக் கடைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, புது எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு நான் மட்டும் மேலே போனேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாக் கூடிடுச்சும்மா. பெல்ட்டக் கழட்டிடலாம். நடக்கச் சொல்லுங்க, குனிஞ்சு நிமிரச் சொல்லுங்க. இனிமேயும் போட்டா முதுகுதான் வீணாப் போகும். தாராளமா வேலைக்குப் போகட்டும்."

இதையே ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி எக்ஸ்ரே உறையில் வைத்துக் கொடுத்தார்.

முன்கூட்டியே திட்டமிட்டதா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. அந்த மாடிக்கு இருபத்தொரு படி. பதினான்காவது படிவரை அவளிடம் நல்ல செய்தி சொல்லத்தான் இறங்கினேன். அங்கிருந்து பார்த்தால் பெஞ்ச் தெரியும். ஸ்வர்ணா பக்கத்திலிருந்த யாரோ ஒரு அம்மாளிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். கோவை என்ற வார்த்தை என் காதில் விழுந்தது.

"என்னக்கா சொன்னாரு?"

"ஒரு வருஷமாவது போடணுமாம்."

"ஒரு வருஷமா?" என்றாள். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "சரிக்கா" என்றாள்.

எங்கள் வீட்டில் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது. அதனால் அவள் நம்பினாள்.

கோவைக்கு நான்தான் எழுதினேன், வேலையில் சேர இயலவில்லை என்று. அவளுடைய கையெழுத்தையும் நானே போட்டேன். அவள் மனம் கஷ்டப்படுகிற நேரத்தில் அவளை எழுதச் சொல்வது முறையில்லை. அவர்களே வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு வருடம் ஒருமுறை எக்ஸ்ரே உறையைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கிளம்புவேன். புதுமண்டபத்துக்குப் போய் நூலும் கயிறும் வாங்கிக்கொண்டு திரும்புவேன். இன்னும் ஒரு வருடமாம் என்பேன். உறையைப் பீரோவின் மேல் வைத்துவிடுவேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாமே என்று உங்கள் ஏட்டம்மா கேட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கிழிப்பது தவறில்லையா? மேலும், கச்சு போட்டால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. தோளில் பட்டை வைத்து, கைக்குழியில் அரை அங்குலம் குறைத்து வெட்டினால் அப்படி ஆகும். ஏழு வருடமும் அது அவள் படுக்கும் அறையிலேயேதான் இருந்தது. நான் எதையும் ஒளித்து வைக்கவில்லை.

கச்சுக்குக் கச்சு வேலைப்பாடு கூடியது. முதலில் நாற்பது கயிறு. கடைசியில் நூற்றுப் பன்னிரண்டு. உடம்பும் அதற்கேற்ற மாதிரி மாறிக்கொண்டு வந்தது. குளிக்கும்போது மட்டும் கழற்றுவேன். முதல் வருடம் நின்றுகொண்டே குளித்தாள். மூன்றாம் வருடம் முக்காலி போட்டேன். ஐந்தாம் வருடம் நான் பின்னாலிருந்து தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உடம்பு அப்படி நடுங்கும். அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கச்சு அவளுக்கு எவ்வளவு அவசியம் என்பது எனக்கே முழுதாகப் புரிந்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி தைப்பாள், ஓரத்தைக் கையால் மடித்துத் தைப்பாள். வேகமாக மூச்சு விட முடியாததால் சத்தம் போட்டுச் சிரிப்பது நின்றுவிட்டது. பொறுப்பு வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

இரண்டாயிரத்தில் ராஜகுரு என்று ஒரு பையன் பெண் பார்க்க வந்தான். எங்கள் ஜனம்தான், சாயப்பட்டறை வைத்திருந்தான். நான் கூப்பிடவில்லை, கோயிலில் அவளைப் பார்த்துவிட்டு அவனாகவே வந்தான். முதுகைப் பற்றி நான் விவரமாகச் சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

"முதுகுதானக்கா. மெட்ராஸ்ல பெரிய டாக்டரு ஒருத்தர எனக்குத் தெரியும். கல்யாணம் முடிஞ்ச கையோட கூட்டிட்டுப் போய்க் காமிக்கிறேன்," என்றான். ஸ்வர்ணாவைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதமா?" என்று நேராகவே கேட்டான். அவள் கழுத்துவரை சிவந்துபோனாள். அவளுக்கு அப்படிச் சிவக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நல்ல பையன். அதனால்தான் வாசல்வரை கூடப்போய், அவளுக்குக் குழந்தை பிறக்காது என்று மெதுவாகச் சொன்னேன். இது பொய் என்று புகாரில் இருக்கிறது. யாரும் இதுவரை சோதித்துப் பார்க்காத ஒன்றைப் பொய் என்று எப்படிச் சொல்ல முடியும்? அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்படியும் போகாமல் யோசித்துக்கொண்டு நின்றான். அவளுக்கே இஷ்டமில்லை, உங்கள் முகத்துக்கு எதிரே சொல்லக் கூசுகிறாள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு போய்விட்டான். உள்ளே வந்து, பையன் யோசித்துச் சொல்கிறேன் என்றதாகச் சொன்னேன். ஸ்வர்ணா இரண்டு மாதம் காத்திருந்தாள். பிறகு ஒருநாள் காலையில் நான் நாடாவை இழுத்துக்கொண்டிருந்தபோது, "இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுக்கா" என்றாள். அவள் கேட்டாள் என்றுதான் இழுத்தேன்.

ஒரே ஒருமுறை அவள் எனக்குக் கட்டுப்படாமல் நடந்தாள். அதையும் மறைக்க வேண்டியதில்லை. இரண்டாயிரத்து இரண்டு, பங்குனி மாதம். துணி கொடுக்க நான் வெளியே போயிருந்த நேரம் என் கத்தரியை எடுத்து, கையைப் பின்னால் வளைத்து, எட்டியவரைக்கும் நாடாவை வெட்டி, கச்சைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்திருக்கிறாள். முனைக் குழாயடிவரைதான் போக முடிந்தது. அங்கே மடங்கி விழுந்துவிட்டாள். எதிர்வீட்டு ஒச்சாயி அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் வீட்டுக்குள் நுழையும்போது அவளைப் பாயில் கிடத்திவிட்டு விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா வசுந்தரா, புள்ள பஞ்சு மாதிரி கெடக்கா. இன்னும் எம்புட்டு நாளைக்கு இவள இப்பிடி வச்சிருப்ப?"

"டாக்டர் சொல்ற வரைக்கும்தான்."

"எந்த டாக்டரோ போ," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒச்சாயிக்குப் படிப்பு இல்லை, ஆனால் மனுஷி தங்கம். அன்றைக்கு ஸ்வர்ணாவை நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க போகப் பார்த்தே?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்கயும் இல்ல. நடந்து பாக்கலாம்னு."

"பாத்துட்டியா?"

சாயங்காலம் அவளே, "கட்டிவிடுக்கா, உக்கார முடியல" என்றாள். புது நாடாவில் மெழுகு தடவிக் கட்டினேன். அன்றிலிருந்து கத்தரியை மெஷின் டிராயரில் பூட்டி வைக்கிறேன். தையல்காரி கத்தரியைப் பூட்டுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

இந்த வருடம் ஆனி மாதம் அஸ்வினி வந்தாள். சமயநல்லூர்ப் பெண், கல்யாண ஜாக்கெட் தைக்க வந்தவள். தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் என்று அளவு எடுக்கும்போது சொன்னாள். நானாகத்தான் பேச்சுக் கொடுத்தேன், மூச்சை விடவேண்டும் என்பதற்காக. அவள் பேசிக்கொண்டே உள்அறையைப் பார்த்தாள். ஸ்வர்ணா சுவரில் சாயாமல் உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

"இவுக யாருக்கா?"

"தங்கச்சி. முதுகுல கோளாறு."

அந்தப் பெண் டேப்பை இடுப்பிலிருந்து தானே எடுத்துவிட்டு உள்ளே போய் ஸ்வர்ணாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். நைட்டிக்கு மேலாக விலாவில் கை வைத்துப் பார்த்தாள்.

"என்னக்கா இது, மரத்தத் தொடுற மாதிரி இருக்கு? மூச்சு விடுங்க. இல்லல்ல, நல்லா இழுத்து விடுங்க. இம்புட்டுத்தான் வருதா? எம்புட்டு வருசமா இதப் போட்டிருக்கீக?"

"ஏழு வருஷமா," என்றாள் ஸ்வர்ணா.

"ஏழு வருசமாவா? எந்தக் கூறுகெட்ட டாக்டருக்கா ஏழு வருசம் போடச் சொன்னது?"

"எக்ஸ்ரே பீரோ மேல இருக்கு. எனக்கு எட்டாது."

என் கையில் அப்போது ஊசி இருந்தது. அதைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்திருப்பதற்குள் அஸ்வினி எட்டி உறையை எடுத்துவிட்டாள். படத்தைத் தூக்கிப் பார்த்தாள். தாள் கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுத்து, படித்துவிட்டு, என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஸ்வர்ணாவிடம் கொடுத்தாள்.

ஸ்வர்ணா நிதானமாகப் படித்தாள். ஐந்து வரிதான் அது. மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அக்கா, வேலைக்குப் போகலாம்னு எழுதியிருக்கு."

"எழுதியிருக்கலாம்."

"தேதி போட்டிருக்கு. நான் கீழே பெஞ்ச்ல உக்காந்திருந்த அன்னைக்கு."

"ஆமா."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். தாளை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "அந்தக் கோயமுத்தூர்க்காரங்க என்னை வேண்டாம்னு சொன்னாங்களா, இல்ல நீ சொன்னியா?" என்று கேட்டாள்.

"நான்தான் சொன்னேன்."

"ராஜகுரு?"

"அதுவும்."

அதற்கு மேல் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அஸ்வினி பக்கம் திரும்பி, "கழட்டிவிடுங்க" என்றாள். இதுவரை அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அந்த ஒற்றைக் கேள்விதான். "ராஜகுரு?"

அஸ்வினிக்கு என் முடிச்சு பிடிபடவில்லை. ஐந்தாறு கண் அவிழ்த்ததும் நடுவில் சிக்கிக்கொண்டது. கத்தரி கேட்டாள். நல்ல வேலையை வெட்டிக் கெடுப்பானேன் என்று நானே போய் உட்கார்ந்து அவிழ்த்துக் கொடுத்தேன். நான் ஒத்துழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எல்லா நாடாவும் கழன்றதும் ஸ்வர்ணா அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். நான் பிடிக்கப் போனேன். அவள் தலையை ஆட்டினாள். அஸ்வினிதான் பிடித்தாள். விலாவில் கயிற்றுத் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. ஒன்றுக்கொன்று நூல் பிடித்த மாதிரி ஒரே இடைவெளி. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளட்டும். விரிசல் கூடிவிட்டது என்று எனக்குத் தெரியும். தொடர்ந்து கட்டினால் முதுகு தன் வேலையை மறந்துவிடும் என்றும் தெரியும். அது டாக்டர் சொல்வதற்கு முன்பே தெரியும். தெரிந்தேதான் ஏழு வருடம் தினமும் காலையில் கட்டினேன். யாரும் தூண்டவில்லை. கோபத்திலும் செய்யவில்லை. அவள் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் என்னைக் கூப்பிட யாரும் இல்லை, அவ்வளவுதான். இதில் கையெழுத்துப் போட எனக்குத் தயக்கம் இல்லை. நான் படித்துப் பார்த்துவிட்டேன். 'இறுக்கமான' என்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயம், மேடம். இன்று காலையில் ஸ்வர்ணா ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான்கு நிமிடம் தானாகவே உட்கார்ந்திருந்தாள் என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள். யார் பிடித்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். யாரும் பிடிக்கவில்லை என்றீர்கள். நடுங்கினாளா என்று கேட்டேன். நன்றாக நடுங்கினாள், ஆனால் சிரித்தாள் என்றீர்கள். அந்த நிலைமையில் இருக்கிற ஒரு பெண்ணை யாரும் பிடிக்காமல் நான்கு நிமிடம் விட்டிருக்கிறார்கள். இப்படியும் ஈவிரக்கமில்லாதவர்கள் இருப்பார்களா என்று காலையிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. இதற்கு யார் மேல் புகார் கொடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இன்னொரு தாள் கொடுத்தால் அதையும் எழுதித் தந்துவிடுகிறேன்.